கேளுங்க, சொல்றேன்: ஒரே ரோட்டை எத்தனை தடவைதான் வரையறது?

கே: டேவிட் ஹாக்னின்னா நீச்சல்குளம் வரைஞ்சவர்னுதான் எங்களுக்குத் தெரியும். கொஞ்ச வருஷமா மரம், வயல், மண் ரோடுன்னே வரையறாரே, ஏன்?
- வாசகர், கும்பகோணம்

ப: ஊர் திரும்பினாருங்க, அதுதான் காரணம். 1937ல இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் பிராட்ஃபோர்டுல பொறந்தவர், நீச்சல்குளமெல்லாம் லாஸ் ஏஞ்சல்ஸ்ல குடியிருந்தப்ப வரைஞ்சது. 1997ல நெருங்கின நண்பர் ஒருத்தர் சாகக் கிடந்தாரு, அவரைப் பாக்க, அம்மா இருந்த பிரிட்லிங்டன்ல இருந்து கார்லயே போய்ப் போய் வந்தாரு, வழி பூரா வோல்ட்ஸ்னு சொல்ற சுண்ணாம்புக் குன்றுங்க, ரெண்டு பக்கமும் வயலு. ஸ்கூல் லீவுல இதே வயக்காட்டுல கதிர்க்கட்டு நிமித்தி வைக்கற வேலை பார்த்த பையன்தான் அவரு. யார்க்‌ஷயரை வரையேன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்ததும் அந்த நண்பர்தான். அப்ப ஆரம்பிச்சது, அப்புறம் பிரிட்லிங்டன்லயே வந்து தங்கிட்டாரு. எனக்கு அந்தக் குளத்தையெல்லாம் விட இந்த மரங்கதான் ஒசத்தி, அதை எங்க வேணா சொல்வேன்.

கே: 40 அடி நீள ஓவியம்னு படிச்சேன். அவ்ளோ பெரிய துணியில எப்படி வரைஞ்சாரு?
- வாசகி, மன்னார்குடி

ப: ஒரே துணி இல்லைங்க, 50 கேன்வாஸ். 2007ல வரைஞ்சது, வார்ட்டர்ங்கற கிராமத்துக்கிட்ட ஒரு தோப்பு, 15 அடி உயரம். மொத்தத்தையும் விரிச்சு வைக்க ஸ்டூடியோவுல இடம் இல்ல, அதனால வெளியில நின்னு துண்டு துண்டா வரைஞ்சு, ஃபோட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல ஒட்டிப் பாத்து, அடுத்த துண்டை எப்படிப் போடணும்னு முடிவு பண்ணாரு. இதுல அவசரம் என்னன்னா, இலை துளிர்த்துட்டா கிளை மறைஞ்சுடும், அதுக்குள்ள முடிச்சாகணும். நடுவுல பெரிய மரம் ஒண்ணு கிளை மேல கிளையா விரிஞ்சு நிக்கும், பின்னால குச்சி குச்சியா நூத்துக்கணக்குல மரம், இடது பக்கம் வளைஞ்சு போற ரோடு, வலது ஓரத்துல ரெண்டு வீடு, அடியில இப்பதான் பூத்த மஞ்சப் பூ. படம் பெருசா இருக்கறது சும்மா பிரமிக்க வைக்கறதுக்கு இல்லைங்க, எதிர்ல நின்னா ஒரே பார்வையில அடங்காது, அண்ணாந்து தலையைத் திருப்பித் திருப்பித்தான் பாக்கணும், நிஜத் தோப்புல நிக்கற மாதிரியே. அதை 2008ல டேட் மியூசியத்துக்கு சும்மாவே குடுத்துட்டாரு.

கே: ஐபேட்ல விரலால வரையறதெல்லாம் ஓவியமா சார்? என் பையன் கூடத்தான் வரையறான்.
- வாசகர், ஈரோடு

ப: வரையட்டும், தயவுசெஞ்சு தடுக்காதீங்க. 2020ல கொரோனா லாக்டவுன்ல ஹாக்னி ஃபிரான்ஸ்ல நார்மண்டியில இருந்தாரு, வீட்டைச் சுத்தி பழ மரங்க. தினம் எதையாவது ஐபேட்ல வரைஞ்சு, அந்த வசந்தத்துல வந்த 116 படத்தை அடுத்த வருஷம் லண்டன்ல ராயல் அகாடமியில வச்சாங்க. கேன்வாஸ் நிறுத்தற ஸ்டாண்டும் பெயின்ட்டும் தூக்கிட்டு அலைய வேணாம், திரைக்கே வெளிச்சம் இருக்கறதால விடியற இருட்டுல கூட வரையலாம். ஆனா பெருசா பிரிண்ட் போட்டா சில கோடெல்லாம் வழவழன்னு பிளாஸ்டிக் மாதிரி தெரியுது, எண்ணெய் வண்ணத்தோட கனம் அதுல வராது, அதையும் ஒத்துக்கணும். அப்புறம் வருஷம் முழுக்க வரைஞ்சதையெல்லாம் சேத்து 90 மீட்டர் நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினாரு. பக்கத்துல பையோன்னு ஒரு ஊரு, 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தைப் புடிச்ச கதையை கிட்டத்தட்ட 70 மீட்டர் துணியில நூலால தைச்ச பழைய சித்திரம் ரொம்ப காலமா இருந்த இடம், அதுவும் சீனாக்காரங்களோட சுருள் ஓவியமும்தான் இதுக்கு முன்மாதிரி. நடந்துக்கிட்டேதான் பாக்கணும், மொட்டை மரம், பூ, வைக்கோல் உருளை, மறுபடி பனின்னு வரும். மழை பெய்யற இடத்துல நின்னு பாருங்க, சாய்வா கோடு கோடா இறங்கி, குளத்துல விழுந்து வட்டம் வட்டமா விரியும், அவ்வளவுதான், ஆனா சத்தம் கேக்கும்.

கே: ஊரை வரையறேன்னு சொல்லிட்டு மனுஷங்களையே காணோமே?
- வாசகி, தேனி

ப: ஆளு இல்லைங்க, ஆனா ஆளு செஞ்சது எல்லாம் இருக்கு. உழுத கோடு, வெட்டி விட்ட வேலி, அடுக்கின மரத்தடி. பிரிட்லிங்டன் பக்கம் வோல்ட்கேட்ங்கற ரோட்டை எத்தனையோ தடவை வரைஞ்சிருக்காரு, வேலியில இருக்கற ஹாத்தார்ன் முள்ளுச்செடி மே மாசம் வெள்ளையா பூத்துக் கொட்டுமாம், அது இருக்கறது கொஞ்ச நாள்தான், அந்த நாளுக்காக வருஷம் பூரா காத்திருப்பாரு. அதே ரோட்டோரத்துல ஒரு பட்ட மரத்தோட அடிக்கட்டை நின்னுச்சு, அவர் படங்கள்ல திரும்பத் திரும்ப வரும். 2012ல ஒரு ராத்திரி யாரோ அதுல பெயின்ட் அடிச்சு, அப்புறம் அறுத்தே தள்ளிட்டாங்க. மனசு ஒடைஞ்சு போனாரு மனுஷன். அடுத்த வருஷ வசந்தத்துக்கு கலரே தொடல, அதே ரோட்டுல அஞ்சு இடம், ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு தடவைன்னு 25 படம், எல்லாமே கரித்துண்டால வரைஞ்சது.