பீரியட்ஸ், காயம், பயிற்சி: பிசியோவிடம் கேட்டவை

கேள்வி: ஏசிஎல் (முட்டிக்குள் இருக்கும் ஒரு தசைநார்) அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது மாதம். பீரியட்ஸ் நாட்களில் உடற்பயிற்சியை நிறுத்த வேண்டுமா மேடம்?

பதில்: வேண்டாம். அந்த நாட்களில் பயிற்சி செய்வதால் புதிதாக வைத்த தசைநாருக்கு ஒன்றும் ஆகாது. இப்போது உங்கள் முக்கிய வேலை வற்றிப்போன தொடைத் தசையை மீட்பது. மாதாமாதம் நாலைந்து நாள் லீவு விட்டால் அதுதான் தள்ளிப்போகும். வயிற்றுவலி படுத்தினால் எடையைக் குறையுங்கள், ஒரு செட்டை விட்டுவிடுங்கள். முட்டி வீங்கினால் மட்டும் பீரியட்ஸ் மேல் பழி போடாதீர்கள். முந்தின நாள் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள்.

கேள்வி: கருமுட்டை வெளிவரும் நாட்களில் ஏசிஎல் எளிதில் கிழியும் என்கிறார்களே? கால்பந்து ஆடுகிறேன்.

பதில்: ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் உச்சத்துக்குப் போகும் அந்தச் சமயத்தில் முட்டி லேசாகத் தளர்வதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேறு சில ஆய்வுகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. பல ஆய்வுகள் ரத்தப் பரிசோதனை கூடச் செய்யாமல் தேதியை வைத்தே மாதவிடாய் சுழற்சியின் கட்டத்தைக் கணித்தவை. இதை நம்பி மேட்சைத் தவிர்க்கச் சொல்ல மாட்டேன். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள், அதைத் திருத்தலாம். ‘ஃபிஃபா 11+’ வார்ம்-அப்புக்கு 20 நிமிடம்தான் ஆகும். வாரம் இரண்டு முறையாவது செய்யுங்கள். அது காயத்தைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது.

கேள்வி: மாரத்தானுக்குத் தயாராகிறேன். நாலு மாதமாகப் பீரியட்ஸ் இல்லை, தொல்லை விட்டது என்றிருந்தேன். இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரே இடத்தில் வலி.

பதில்: இன்று வந்த கேள்விகளில் என்னைக் கவலைப்பட வைப்பது இதுதான். ஓட்டத்தை இப்போதே நிறுத்துங்கள். ஓடுகிற அளவுக்குச் சாப்பாடு இல்லையென்றால் மூளை முதலில் கைவைப்பது மாதவிடாய் சுழற்சியில்தான். ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு பலவீனமாகும், அப்புறம் விரிசல். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் ஹார்மோன் எல்லாவற்றையும் டாக்டர் பார்க்கட்டும். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். சாப்பாட்டைக் கூட்டாமல் வெறும் ஓய்வு எடுத்தால் எலும்பு ஆறினாலும் திரும்ப விரியும். கருத்தடை மாத்திரையால் ரத்தப்போக்கு வரவழைத்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்றும் நினைக்காதீர்கள்.

கேள்வி: நான் கருத்தடை மாத்திரை எடுக்கிறேன். பீரியட்ஸ் கணக்கு வைக்கும் ஆப் சொல்லும் கட்டத்துக்கு ஏற்றபடி எடை தூக்கலாமா?

பதில்: ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை என்றால் கருமுட்டை வெளிவருவதே பொதுவாக நின்றிருக்கும், ஆப் காட்டும் கட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. தூக்கம், வலி, சோர்வு மூன்றையும் தினமும் குறித்து வையுங்கள், அதைப் பார்த்து எடையை முடிவு செய்யலாம்.

கேள்வி: ரத்தப்போக்கு ரொம்ப அதிகம். பயிற்சியில் முன்னேற்றமே இல்லை, மூச்சு வாங்குகிறது.

பதில்: ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடலின் இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டுவது) பாருங்கள். முதலாவது சரியாக இருந்தும் இரண்டாவது அடிமட்டத்தில் இருப்பதுண்டு. மணிக்கொரு பேட் மாற்றும் நிலை என்றால் மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.