போக்கே சாஸில் உப்பு மட்டும் தூக்கலாகத் தெரிவது ஏன்?

போக்கே என்பது பச்சை மீன் துண்டுகளைச் சாஸில் கலந்து உண்ணும் ஹவாய் உணவு. வீட்டில் கலக்கும் போக்கே சாஸில் உப்புதான் தெரிகிறது, கடையின் மணம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த மணம் வறுத்த எள்ளில் ஆட்டிய எண்ணெயுடையது. நம் நல்லெண்ணெயை வறுக்காத எள்ளில் ஆட்டுவார்கள். அது இங்கே பொருந்தாது.

கால் கிலோ சூரை மீனுக்கு இரண்டு மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு தேக்கரண்டி வறுத்த எள்ளெண்ணெய், துருவிய இஞ்சி கொஞ்சம், வெங்காயத்தாள். போதும். எலுமிச்சை வேண்டாம், புளிப்பு பட்டால் மீன் வெளுத்து இறுகிவிடும். பரிமாறும்போதுதான் கலக்க வேண்டும், முன்பே கலந்தால் உப்பு மீனின் நீரை இழுத்துவிடும்.

சோயா சாஸ் வருவதற்கு முன் ஹவாயில் கடலுப்பு, லிமு என்ற கடற்பாசி, வறுத்து இடித்த குக்குய் கொட்டை, இவைதான். என் வாக்கு இன்றும் அதற்கே.

எந்தச் சாஸும் கிருமியைக் கொல்லாது. பச்சையாக உண்பதற்கென்றே உறையவைத்து விற்கும் மீனை மட்டும் வாங்குங்கள்.