82 வயது அம்மாவுக்கு இத்தனை குளிசைகள் வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் அம்மாவோடு இருக்கிறேன். அவருக்கு 82 வயது. சீனி வருத்தம் வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. இப்போது ஞாபக மறதியும் சிறுநீரகக் குறைபாடும் சேர்ந்திருக்கின்றன. அரச கிளினிக்கில் கிளிக்ளசைட், மெட்ஃபோமின் குளிசைகளும் இரு வேளை மிக்ஸ்டார்ட் இன்சுலினும் தருகிறார்கள். இடையில் காட்டிய தனியார் வைத்தியர் டயமைக்ரோன் எழுதித் தந்தார். எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 6.2. அண்மையில் இரண்டு விடியற்காலைகளில் வியர்த்து நனைந்து, என்னையே யார் என்று கேட்டார். கனடாவில் இருக்கும் அண்ணா, "சீனியை ஏற விடாதே, கிட்னி போய்விடும்" என்கிறார். மருந்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்கத்தான் வேண்டும். அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

டயமைக்ரோன் அட்டையைத் திருப்பி, பெயருக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தைப் பாருங்கள். கிளிக்ளசைட் என்று இருக்கும். கிளினிக்கில் சிறிய உறையில் எண்ணிப் போட்டுத் தரும் குளிசையும் அதுவேதான். அம்மா ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் விழுங்கிக்கொண்டிருக்கிறார். அங்கே எழுதியவருக்கு இங்கே தருவது தெரியாது. நாமும் கிளினிக் கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுத் தனியாரிடம் போகிறோம். அடுத்த வேளைக் குளிசையைக் கொடுக்குமுன் இரண்டு வைத்தியர்களில் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள்.

அந்த விடியற்காலைகளில் நடந்தது, பெரும்பாலும், சீனி விழுந்ததுதான். மாலையில் போடும் மிக்ஸ்டார்ட்டில் மெதுவாக வேலை செய்யும் பங்கு நள்ளிரவுக்குப் பின்னர்தான் வேகம் பிடிக்கும். அம்மா இரவில் இரண்டு வாய் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாலும், வெள்ளிக்கிழமை விரதம் என்று ஒருவேளை உணவை விட்டாலும், ஊசியின் அளவு குறைவதில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர்களில் இன்சுலின் உடலில் கூடுதல் நேரம் தங்கும்; கிளிக்ளசைட்டால் சீனி விழும் அபாயமும் கூடும். வயதானவர்களுக்கு நடுக்கம், படபடப்பு போன்ற முன்னறிவிப்பும் சரியாக வராது. நேரே குழப்பம், மயக்கம், விழுதல். 82 வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அண்ணாவுக்கு ஒரு செய்தி. அவர் இருக்கும் கனடாவிலும் அமெரிக்காவிலும் 10,251 நீரிழிவாளர்களை வைத்து நடந்தது அக்கோர்ட் ஆய்வு. இதய நோய் அபாயம் கூடியவர்கள் அவர்கள். சராசரி வயது 62. எச்பிஏ1சியை 6க்குக் கீழே இறக்க முயன்ற பிரிவில் இறப்புகள் கூடியதால், 2008இல் அந்தக் கடும் சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள். உங்கள் அம்மா அவர்களைவிட இருபது வயது மூத்தவர். சீனியை இறுக்கிப் பிடிப்பதால் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் கிடைக்கும் நன்மை தெரியப் பல ஆண்டுகள் ஆகும். தீமைக்கு ஓர் இரவு போதும். அண்ணாவின் அக்கறையில் குறையில்லை. அது 50 வயதுக்காரருக்கான அறிவுரை.

பல நோய்களோடு மறதியும் உள்ள முதியவருக்கு 8ஐ ஒட்டிய எச்பிஏ1சி போதும் என்பதே இன்று பல வழிகாட்டிகளின் நிலை. இரத்தச்சோகையோ சிறுநீரகக் குறைபாடோ இருந்தால் அந்த எண்ணே ஏமாற்றவும் கூடும். அப்போது வீட்டு மீட்டரை நம்புவது நல்லது. வெறும் வயிற்றில் 100 முதல் 180 வரை இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 70க்குக் கீழே போனால்தான் கவலை.

வைத்தியரிடம் போகும்போது வீட்டில் உள்ள மருந்துகள் அனைத்தையும், பிரஷர் குளிசை, கால் வலிக் குளிசை உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சில பிரஷர் குளிசைகள் சீனி விழும்போது வரும் படபடப்பை மறைத்துவிடும். சிறுநீரகப் பரிசோதனை முடிவும் கையில் இருக்கட்டும். மெட்ஃபோமினைத் தொடரலாமா என்பதை அது தீர்மானிக்கும். கிளினிக் நெரிசலில் பேச ஒரு நிமிடம்தான் கிடைக்கும். "அம்மாவுக்கு விடியற்காலையில் சீனி விழுகிறது. எந்த மருந்தை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம்?" என்று முதல் வாக்கியத்திலேயே கேட்டுவிடுங்கள். வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து சொல்லப் போனால் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்கள். இன்சுலினை மட்டும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

மீண்டும் வியர்த்தால், நேரம் இருந்தால் மீட்டரில் பாருங்கள். இல்லாவிட்டால் பார்க்காமலே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, தெளிந்ததும் பாணோ பிஸ்கட்டோ கொடுங்கள். அதோடு படுத்துத் தூங்கிவிடாதீர்கள். கிளிக்ளசைட் குடித்தவருக்குச் சீனி மறுபடியும் விழக்கூடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

குறைப்பது என்றால் கைவிடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். 300ஐத் தாண்டினாலோ, தாகமும் சிறுநீரும் அளவுக்கு மீறினாலோ, காலில் புண் கண்டாலோ உடனே காட்ட வேண்டும். பாதங்களைத் தினமும் பார்ப்பது இப்போதும் அவசியம்.

மருந்து குறைந்தபின் காலைச் சீனி 140, 150 என்று வரும். பழைய 80ஐப் பார்த்துப் பழகிய உங்களுக்குக் கை பதறும். பழைய குளிசையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அண்ணாவுக்கு வெறும் எண்ணை மட்டும் அனுப்பாமல், அம்மா முதல்நாள் இரவு என்ன சாப்பிட்டார், எப்படித் தூங்கினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.