தண்ணி குடிச்ச வண்டி

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 51 வயது, சேரன்மகாதேவிப் பக்கம். திருநெல்வேலி டவுனில் ஒரு மொத்த அரிசிக் கடையில் இருபத்தெட்டு வருடமாகச் சரக்கு பார்க்கிறேன். மூட்டையைக் குத்தி நாலு அரிசி உள்ளங்கையில் விழுந்தால் போதும், புதுசா பழசா, கலப்பா, நனைந்து காய்ந்ததா என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைக் கேட்டுத்தான் அரிசி எடுப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, கீழே வரப்போகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

போன ஆவணியில் மகனுக்கு 18 முடிந்தது. பாளையங்கோட்டையில் காலேஜ். எல்.எல்.ஆர். எடுத்துவிட்டு, பழைய மாருதி 800 ஒன்று இருந்தால் ஓட்டிப் பழகலாம்பா என்றான். எங்கள் வீட்டில் அப்பா காலத்தில் சைக்கிள், என் காலத்தில் டி.வி.எஸ். எக்ஸ்.எல்., அதனால் எனக்கும் ஆசைதான். மச்சினன் ஒரு புரோக்கரைக் கூட்டிவந்தான். 2012 மாடல், தூத்துக்குடி நம்பர், 85,000 ரூபாய். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, புது சீட் கவர், உள்ளே சென்ட் வாசம். எனக்குக் கார் லைசென்ஸும் கிடையாது, காரைப் பற்றித் தெரியவும் தெரியாது. ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டினார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் செல்ஃப் எடுக்கவில்லை. செல்ஃப் மோட்டாருக்கு 3,500, பேட்டரிக்கு 3,800. அப்புறம் சூடாகி நின்றது, ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று 14,000. லைட் போட்டால் ஹாரன் அடித்தது, ஒயரிங் 6,000. அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்பில் மிதியடியைத் தூக்கினால் கீழே தகரம் துருப்பிடித்து ஓட்டை, வெல்டிங் 9,000. அன்றைக்குத்தான் மெக்கானிக் பின் சீட்டைக் கழற்றி, இடுக்கில் இருந்த மண்ணை விரலால் வழித்துக் காட்டி, "அண்ணாச்சி, இது வெள்ளத்துல கெடந்த வண்டில்லா" என்றார். தொட்டுப் பார்த்தேன், மாவு மாதிரி வண்டல். 2023 டிசம்பர் வெள்ளத்தில் முங்கின வண்டியைத் துடைத்து, பெயிண்ட் அடித்து என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நனைந்த சரக்கைக் கண்டுபிடிக்கிறவன் நான். என் மகன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இதுவரை ரிப்பேருக்கு மட்டும் 36,300. மனைவியிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது இன்னும் 22,000 கேட்கிறார்கள். மகன் அந்த வண்டியில் ஏறுவதே இல்லை, கூட்டாளிகள் அதற்குப் "படகு" என்று பேர் வைத்துவிட்டார்களாம். எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தான், அதுவும் முடிந்துபோனது.

போன வாரம் அவனே சொன்னான்: "கார்ப்பெட்ட மாத்திட்டு யாரு தலையிலயாவது கட்டிவிட்டுருவோம்பா. அவன் நமக்குச் செஞ்சதத்தான நாம செய்யப் போறோம்." நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது கூடப் பரவாயில்லை மேடம், ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு போனில் கார்ப்பெட் விலை பார்த்தேன். 2,500. களக்காட்டில் வாழை போட்டிருக்கிற ஒருவர், மகள் வேலைக்குப் போய்வர வேண்டும் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க வருகிறார். எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்ய?

பதில்:

அண்ணாச்சி என்றே கூப்பிடுகிறேன், நானும் அந்தப் பக்கத்துக்காரிதான்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை விஷயம், மற்றது அப்புறம். களக்காட்டுக்காரருக்கு போன் போட்டு, இது வெள்ளத்தில் கிடந்த வண்டி, எனக்கே வாங்கின பிறகுதான் தெரிந்தது என்று சொல்லிவிடுங்கள். வண்டி பார்க்க வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் சொல்ல மாட்டீர்கள். மனிதர் மகளோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டால் வார்த்தை வெளியே வராது, எனக்கானாலும் வராது. வண்டல் புகுந்த ஒயரிங்கை எத்தனை தடவை சரிபார்த்தாலும் இணைப்புகளில் உள்ளுக்குள்ளே பச்சை பூத்துக்கொண்டேதான் இருக்கும், எப்போது ஷார்ட் ஆகும் என்று மெக்கானிக்காலும் சொல்ல முடியாது. பிரேக் பைப்புக்கும் துருதான் எமன். நாங்குநேரி நாற்கர சாலையில் அந்தப் பெண் தனியாகப் போகும்போது அது நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ரிப்பேருக்கு வருவோம். பேட்டரி வரைக்கும் செலவழித்தது நியாயம், பழைய வண்டி என்றால் அதெல்லாம் உண்டு. ஹெட் கேஸ்கெட் கூட இருக்கட்டும். ஆனால் வண்டலைத் தொட்டுப் பார்த்த அன்றைக்கே இது தேறாது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த 22,000-ஐப் பற்றி இன்னும் யோசிக்கிறீர்கள். வண்டி ஓடிவிட்டால் நான் ஏமாறவில்லை என்று ஆகிவிடும், அதற்காகத்தான். கொடுத்த பணம் பெரிதாக இருந்தால் மனசு அதை விடாது. 1985-இல் ஆர்க்ஸ், புளூமர் என்று இரண்டு ஆய்வாளர்கள், ஒஹாயோவில் ஒரு பல்கலைக்கழக நாடகக் குழுவின் சீசன் டிக்கெட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி, அதுவும் குலுக்கல் மாதிரி. நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் முழு விலை கொடுத்தவர்கள் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. உங்களை ஒர்க்‌ஷாப்புக்கு இழுப்பதும் அதுதான், கூடவே உங்கள் பேரும் சேர்ந்து இழுக்கிறது. அரிசி பார்க்கத் தெரிந்தவருக்குக் காரும் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த ஊரில் சட்டம்? அந்தப் புரோக்கரிடம் நாலு வகை பொன்னியைக் கொட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒன்று கேட்கிறேன். கடைக்கு நனைந்த மூட்டை ஒன்று தெரியாமல் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? நல்ல மூட்டையோடு கலக்க மாட்டீர்கள். காயவைத்துக் காயவைத்து அதற்கே கூலி கொடுத்துக்கொண்டும் இருக்க மாட்டீர்கள். மாட்டுத் தீவனத்துக்கு என்று சொல்லி, அந்த விலைக்குத் தள்ளிவிட்டு, நஷ்டத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த லோடைப் பார்ப்பீர்கள். இந்த வண்டிக்கும் அதுதான். டயர், பேட்டரி, புது செல்ஃப் மோட்டார் இதெல்லாம் பாகமாக விலை போகும். பாகத்துக்குக் கொடுத்தாலும் பழைய இரும்புக்குக் கொடுத்தாலும் ஆர்.சி. புக்கை மட்டும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒப்படைத்து பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அந்த நம்பர் எங்கேயாவது ஓடி, கேள்வி உங்கள் வீட்டுக்கு வரும்.

இப்போது மகன். அவன் சொன்னதைக் கேட்டு, பிள்ளை இப்படிப் போய்விட்டானே என்று நீங்கள் உள்ளுக்குள் உடைந்திருப்பது கடிதத்தில் தெரிகிறது. எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஒர்க்‌ஷாப்பில் அந்த மண்ணைத் தொட்டபோது உங்கள் முகம் போன போக்கை அவன் பார்த்திருக்கிறான். அப்பாவை ஒருத்தன் ஏமாற்றிவிட்டான் என்பது பதினெட்டு வயசுக்குப் பெரிய அடி, அந்தக் காசை எப்படியாவது உங்கள் கைக்குத் திரும்பக் கொண்டுவரப் பார்க்கிறான். வழி தப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவனைக் கூப்பிட்டு வைத்து நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பிக்காதீர்கள், அதற்கான யோக்கியதையை அந்த 2,500 ரூபாய் கொஞ்சம் குறைத்துவிட்டது. அதையே சொல்லுங்கள். "ஏல, நீ சொன்னதக் கேட்டு நானும் ராத்திரி கார்ப்பெட் விலை பாத்தேன்" என்று. சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். அவன் சிரிக்கலாம், எழுந்து போகலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். அவன் உங்களிடம் ஒளித்துவைத்திருக்கிற ஏதோ ஒன்றைச் சொல்வதற்கும் அது வழி விடலாம்.

மனைவியிடம் மீதிப் பாதியையும் சொல்லிவிடுங்கள். திட்டு ஒரு நாளோடு போகும்.

அடுத்த கார் இப்போது வேண்டாம். திரும்ப எல்.எல்.ஆர். போட்டு அவனை டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். காரே இருந்தாலும் பக்கத்தில் உட்கார லைசென்ஸ் உள்ள ஆள் வேண்டுமே, உங்களுக்குத்தான் அது இல்லை. நீங்களும் அவனோடு சேர்ந்து பழகினால் என்ன, 51 ஒரு வயசா? பிறகு ஒரு காலத்தில் வண்டி பார்க்கப் போகும்போது பார்க்கிற வேலையை அவனிடம் விடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், முங்கின வண்டியில் தண்ணீர் நின்ற கோடு அடியில் தெரியும். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பழைய இன்சூரன்ஸ் பேப்பரையும் கேட்டு வாங்கட்டும், கிளெய்ம் இல்லாத வருடத்துக்குப் பிரீமியத்தில் கழிக்கிற நோ கிளெய்ம் போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை போகும், அது நடுவில் திடீரென்று பூஜ்ஜியமாகியிருந்தால் அந்த வருடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். சென்ட் வாசம் தூக்கலாக இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

மச்சினனோடு சண்டை இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் தனியாக எழுதுங்கள், அது வேறு கடிதம். களக்காட்டுக்கு சனிக்கிழமைக்குள் பேசிவிடுங்கள். பேசும்போது ஸ்பீக்கரில் போட்டு, மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.