பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவ் எட்டு எடைப்பிரிவுகளில் பட்டம் வென்றது ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

எடைதான் காரணம். 1998-இல் தாய்லாந்தின் சாச்சாய் சசாகுலை வீழ்த்தி முதல் உலகப் பட்டம் வென்றபோது, அவர் மோதிய பிரிவின் உச்சவரம்பு சுமார் 51 கிலோ. 2010-இல் அந்தோனியோ மார்கரிட்டோ என்ற வீரரை வென்று எட்டாவது பிரிவைத் தொட்டபோது அந்தப் பிரிவின் வரம்பு கிட்டத்தட்ட 70 கிலோ! எடை ஏறினால் வேகம் குறையும் என்பார்கள், இவருக்குக் குறையவில்லை.

பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாண்டோஸ் நகரில் வறுமையில் வளர்ந்தவர், 16 வயதிலேயே தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்துவிட்டார். 2001-இல் கடைசி நேர மாற்று வீரராக அமெரிக்காவில் களமிறங்கி தென்னாப்பிரிக்க வீரர் லெட்வாபாவைச் சாய்த்தார். என் பார்வையில் அதுதான் திருப்புமுனை.

அப்புறம், 2015-இல் அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் மேவெதரிடம் தோல்வி. 2016-இல் பிலிப்பைன்ஸ் நாடாளுமன்ற மேலவை உறுப்பினர் (செனட்டர்) ஆனார். ஆனாலும் 2019-இல், 40 வயதில், அமெரிக்க வீரர் கீத் தர்மனை வென்றார்.