அடி எதுவும் படாமலே மணிக்கட்டு வலிக்கிறது. வீட்டிலேயே எப்படிச் சமாளிப்பது?

கீழே விழவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் வலிக்கிறது என்கிறீர்கள். மூன்று வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஒரு நெல்லிக்காய் அளவு இடத்தில் வலி. தோசைக்கல்லைத் தூக்கினால் உயிர் போகும். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் ஒன்றுமே இருக்காது.

வலி என்று வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோரும் வைத்தியர்கள். மனைவி புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டாள். சம்பந்தி நீலகிரித் தைலம் கொண்டுவந்தார். சுளுக்கு எடுக்கும் பெரியவர் ஒருவர் கட்டைவிரலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அன்றிரவு நான் தூங்கவில்லை. பற்றும் தைலமும் என் கைக்குக் கெடுதல் செய்யவில்லை. அந்த இழுப்பு மட்டும் யாருக்கும் வேண்டாம். சுளுக்கே இல்லாத இடத்தில் எதை எடுப்பது?

கடைசியில் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். அவர் கையைத் தொடுவதற்கு முன்பே, "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா சார்?" என்று கேட்டார். இருந்தது. ஐந்து மாதப் பேத்தி. அவளுடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, கட்டைவிரலை விரித்து, நாளைக்கு முப்பது தடவையாவது தூக்கியிருப்பேன். கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து இறுகிவிட்டால் ஒவ்வோர் அசைவும் உராய்வுதான். 1895இல் இதை விவரித்த சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வெயினின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வருவதாம். அறுபது வயதில் எனக்கு வந்ததைக் கேட்டு மனைவி சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மூன்று நாள் ஒரு தாளில் குறித்துப் பாருங்கள்: எந்த வேலையின்போது சுருக்கென்கிறது? துணி பிழியும்போதா, தேங்காய் துருவும்போதா, போனை ஒரு கையில் பிடித்துக் கட்டைவிரலாலேயே தட்டும்போதா? காரணமில்லாத வலி என்று நாம் நினைப்பது பெரும்பாலும் கணக்கில் வராத வேலைதான்.

நான் செய்தது இவ்வளவுதான். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையை அணிந்தேன். முதலில் வாங்கிய, மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை தண்டச் செலவு. துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்து நிமிடம், காலையும் மாலையும் வைத்தேன். பேத்தியை உள்ளங்கை மேலே பார்த்தபடி, பிட்டத்துக்கும் கழுத்துக்கும் அடியில் கைகொடுத்து அள்ளப் பழகினேன். துணி பிழியும் வேலையை விட்டேன். ஆறு வாரத்தில் தோசைக்கல் கைக்கு வந்தது. வலி மாத்திரையை நானாக வாங்கி விழுங்கவில்லை. எனக்கு இரத்த அழுத்தம் உண்டு. உங்களுக்கும் அதுவோ, சிறுநீரகத் தொந்தரவோ, வயிற்றுப்புண்ணோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இரண்டு வாரம் பார்த்தும் குறையவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் அது நரம்பு நெரிபடும் சங்கதி. காலையில் இரண்டு கைகளும் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால் மூட்டு வாதமா என்று பார்க்க வேண்டும். திடீரென்று வீங்கிச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே போங்கள். இன்னொன்று: அடிபடவில்லை என்பதை ஒருமுறை நன்றாக யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியதை நாம் விழுந்த கணக்கில் சேர்ப்பதில்லை. கட்டைவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால் சின்ன எலும்பு ஒன்று விரிசல் விட்டிருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். பத்துப் பதினைந்து நாள் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் எடுத்துவிடுங்கள்.