டிக் டிக் சத்தத்துக்கு இன்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ரேஸ் செய்தால் வேகமாகிறது, சூடானதும் கொஞ்சம் குறைகிறது, ஆனால் நிற்பதில்லை. இழுவையில் குறையில்லை. மெக்கானிக் இன்ஜினை இறக்கி வேலை பார்க்க வேண்டும் என்கிறார். செய்யலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், சத்தம் இன்ஜினின் மேல்பக்கத்திலிருந்து வர வாய்ப்பு அதிகம். இன்ஜினை இறக்கச் சொல்லும் சத்தம் கீழிருந்து வரும். கான்ராட் பேரிங் (பிஸ்டன் தண்டின் கீழ்முனையிலுள்ள பேரிங்) தேய்ந்தால் வருவது டிக் டிக் அல்ல, கனமான டொக் டொக். இன்ஜின் சூடாகி ஆயில் இளகியதும் அது கூடும். மேடு ஏறும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் பலமாகக் கேட்கும். அப்படிக் கேட்டாலோ, ஐட்லிங்கில் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ, உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். வொர்க்‌ஷாப் வரைக்கும்கூட ஓட்டிப் போக வேண்டாம்.

முதலில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால், அதை நிரப்பாமல் வேறு எதைச் சோதித்தும் பயனில்லை.

அப்புறம் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவிலுள்ள இடைவெளியை வைக்கும் பாகம். ராக்கரை அசைக்கும் கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க்‌ஷாஃப்டின் பாதி வேகத்தில்தான் சுற்றும். அதாவது 900 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 450 முறை திறந்து மூடும். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டால், அத்தனை முறையும் ஒரு தட்டு. தையல் மெஷின் ஓடுவதுபோலக் கேட்கும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. மேலே கணீரென்றும் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப் பக்கம் மங்கலாகவும் கேட்டால், அநேகமாக டேப்பட்தான்.

இந்த வண்டியில் ஸ்க்ரூ வைத்த டேப்பட். இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். கையோடு கவர் கேஸ்கட்டையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயில் கசியும். ஒன்றை மட்டும் மெக்கானிக்கிடம் அழுத்திச் சொல்லுங்கள்: சத்தம் அடங்கினால் போதும் என்று இறுக்கிவிடக் கூடாது. சத்தம் போடும் டேப்பட்டைவிட, சத்தமே போடாத இறுக்கமான டேப்பட்தான் ஆபத்து. வால்வு முழுசாக மூடாது. சூடு, வால்வு உட்காரும் சீட் வழியாக இறங்க முடியாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். கேஸ் கிட் போட்ட வண்டியென்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் கேஸில் ஓடும்போது வால்வு சீட் சீக்கிரம் தேய்ந்து இடைவெளி தானாகவே குறையும்.

டேப்பட் செட் செய்தும் சத்தம் போகவில்லை என்றால் இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பாருங்கள். கேஸ்கட் போயிருந்தாலும் இதே டிக் டிக்தான். காலையில் அதிகமாக இருக்கும், இரும்பு சூடேறி விரிந்ததும் குறையும். கசிகிற இடத்தில் கரி படிந்திருக்கும். ஸ்பார்க் பிளக் லூசாக இருந்தாலும் இப்படிக் கேட்கும். அதை முடுக்க ஒரு ஸ்பேனர் போதும்.

கீச்சென்றோ உர்ரென்றோ வந்தால் அது வேறு கதை. ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, வண்டியை நிறுத்தியபடியே இன்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட விட்டுப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பெல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இவற்றில் ஒன்று.

சத்தத்தை அமுக்க கெட்டியான ஆயிலையோ, கடையில் விற்கும் மருந்தையோ ஊற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். கோளாறு அப்படியே இருக்கும், உங்கள் காதுக்குத்தான் தெரியாமல் போகும்.

இத்தனைக்குப் பிறகும் மெக்கானிக் இன்ஜினை இறக்கத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் இரண்டு சோதனை கேளுங்கள். ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் கேஜ் மாட்டி, இன்ஜின் சூடாக இருக்கும்போது பிரஷர் எவ்வளவு என்று பார்ப்பது ஒன்று. மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே ஏறும் அழுத்தம்) பார்ப்பது இன்னொன்று. இரண்டும் மேனுவல் அளவுக்குள் இருந்து, கீழே டொக் டொக்கும் இல்லையென்றால் இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள்.